பியூஸ் அக்காவின் சொந்த மீட்டர்

முப்பத்து நான்கு வருடம் ஊரார் வீட்டு மீட்டரைப் படித்தவள், தன் வீட்டு மீட்டரை இன்னொருவர் படிக்க வந்த அன்றுதான் மலைக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தாள். சாமியாராகப் போகிறாளோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய பொறுமையோ வாய்க்கட்டுப்பாடோ அவளிடம் இருந்ததில்லை.

வந்தவர் வேலைக்குப் புதிது. செருப்பைத் துடைக்காமல் படியேறினார். மீட்டரைத் தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் இருக்கும் சிவப்பு எண்ணையும் சேர்த்துக் கையிலிருந்த கருவியில் தட்டினார். சிவப்பு எண் புள்ளிக்குப் பின்னால் வருவது. அதைச் சேர்த்தால் ஒற்றை மனுஷி குடியிருக்கும் வீடு பத்து மடங்கு மின்சாரம் தின்றதாக ஆகும்.

"தம்பி, சிவப்பை விட்டுட்டுப் படிக்கணும்."

"சிஸ்டத்துல ஏத்திட்டேன்மா. ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க."

மனு வாங்கும் மேஜையில் அவளே, மீட்டர் படித்து முடித்த பிறகு, ஓய்வுபெறும் வரை ஆறு வருடம் உட்கார்ந்திருந்தாள். அங்கே மனுவின் மேல் டீ கிளாஸ் வைப்பார்கள். நாலைந்து சேர்ந்தால் ஆடும் மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். இனிமேல் செத்தாலும் தன் மீட்டரை ஒருத்தனும் படிக்கக் கூடாது என்று சமையலறையில் நின்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பில் கட்டாத வீட்டுக்குப் போய் மீட்டர் பலகையிலிருந்து பீங்கான் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அவள் வேலையாக இருந்தது. அதனால் பியூஸ் அக்கா. எட்டு நாய்க்கடி வாங்கியிருந்தாள். வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. திரும்பக் கொடுத்ததற்கும் கணக்கில்லை. ஒரு வீட்டில் மீட்டரைக் குளியலறைக்குள் மாட்டியிருந்தார்கள். குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ரீடிங் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதர் அடுத்த வாரமே மீட்டரை வாசலுக்கு மாற்றினார்.

"மீட்டர் வெளியிலதான் இருக்கணும்" என்பது அவள் கொள்கை. "உள்ள இருக்கிற மீட்டர் வீட்டுக்காரன் பேச்சைக் கேக்கும்."

இன்னொன்று கதவு பூட்டியிருக்கும் வீடு. அதற்குத் துறை ஒரு விதி வைத்திருந்தது. முந்தைய மூன்று ரீடிங்கின் சராசரியை எழுதி, பக்கத்தில் 'க.பூ.' என்று போட வேண்டும். கதவு பூட்டு. மாதக் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் அந்தச் சராசரிகளைப் போட்டுக் கொடுத்தது அவளுடைய மகள். மூன்றைக் கூட்டி மூன்றால் வகுப்பதை அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கற்றுக்கொண்டாள். கணவர் தையல் மெஷின் விற்றவர். நல்ல மனிதர். பல்பு மாற்றச் சொன்னால் பல்பை வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று பேப்பர் படிப்பார். அவர் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.

மலையில் அவள் வாங்கியது ஒரு மர ஒப்பந்தக்காரர் ரம்பமும் கயிறும் போட்டுவைத்திருந்த ஒற்றை அறை. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் அடுப்புக்கு ஒரு சாய்ப்பு. கடைசி மின்கம்பம் இரண்டு கிலோமீட்டர் கீழே நின்றது. அதற்குச் சற்று மேலே, பாதை ஓரத்தில், பெட்டிகளில் தேனீ வளர்த்துக்கொண்டு ஒருவர் தனியாக இருந்தார். முதல் நாளே மேலேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க பியூஸ் மேடம்தானே? கீழ ஊர்ல இருந்தப்ப எங்க வீட்டுல ரெண்டு தடவை பிடுங்கினீங்க."

"மூணு. ஒரு தடவை நீங்க ஊர்ல இல்ல."

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அவர் அவளைக் கடைசி வரை மேடம் என்றார், மரியாதை துளியும் இல்லாமல். அவள் அவரைத் தேனு என்றாள்.

"கம்பம் போடச் சொல்லி மனு குடுக்கலாமே மேடம்?"

"குடுக்கலாம். எனக்குப் பேத்தி பொறந்து, அவளுக்குப் பேத்தி பொறந்தா, அவ பல்பு போடுவா."

அவளே சோலார் போட்டாள். ஒரு பேனல், ஒரு பழைய லாரி பேட்டரி, நாலு பல்பு. பேனலைப் பாதையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். போகிறவன் வருகிறவன் கண்ணில் படட்டும் என்று. வெயில் வந்தது வேறு பக்கம். இரண்டு வாரம் மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியைத் திட்டினாள்.

"பேனல் ரோட்டை வேடிக்கை பாக்குதா மேடம்?" என்று தேன்காரர் கேட்ட பிறகுதான் திருப்பினாள். அவர் கேட்டதற்காக இல்லை, தானாகவே தோன்றியது என்றாள்.

அந்த பேட்டரி ஏழு மாதத்தில் செத்தது. மகள் போனில் விசாரணை நடத்தினாள்.

"பேட்டரிக்கு என்ன தண்ணி ஊத்தின?"

"நான் குடிக்கிற தண்ணிதான். ஊத்துத் தண்ணி. சுத்தமா இருக்கும்."

"டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும்."

"ஏன், என்னைவிட அது பெரிய மனுஷியா?"

மகள் நகரத்தில் துணைமின் நிலையங்களை வடிவமைப்பவள். ஒன்பதாவது மாடியில் குடியிருந்தாள். தந்தி மாதிரிதான் பேசுவாள். அம்மா மேல் உள்ள அக்கறையைக்கூட அளவு போட்டுத்தான் சொல்ல வரும். 'எத்தனை டிகிரி காய்ச்சல்' என்பாளே தவிர 'ரொம்ப முடியலையாம்மா' என்று கேட்க மாட்டாள்.

பிறகு இருமல் வந்தது. அது போகவில்லை. நுரையீரல் மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"புகைப்பழக்கம் உண்டா?"

"இல்ல."

"தூசியில வேலை?"

"முப்பத்தி நாலு வருஷம் அடுத்தவங்க வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தேன் டாக்டர். ஒருத்தரும் துடைச்சு வெச்சதில்ல."

மருத்துவர் சிரிக்கவில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, திரும்பாது என்றார். இரவும் பகலும் ஆக்சிஜன் வேண்டும். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது, மின்சாரம் மட்டும் நிற்கக் கூடாது, நின்றால் அதுவும் நிற்கும் என்றார்.

"என் வீட்டுக்கு வந்துடு" என்றாள் மகள், காரில். "பில்டிங்ல ஜெனரேட்டர் இருக்கு."

"உன் பால்கனியிலிருந்து பாத்தா என்ன தெரியும்?"

"எதிர் பால்கனி."

"அங்க நின்னு பாத்தா?"

மகள் கியரை மாற்றினாள்.

"மீட்டரைக்கூட பேஸ்மெண்ட்ல பூட்டி வெச்சிருக்காங்க. நான் வரல. சாகறதுன்னா என் வீட்டுல, என் கரண்ட்ல சாகறேன். முடியும்னா செஞ்சு குடு. முடியாதுன்னா சொல்லு, இன்ஜினியருக்குப் படிச்சது தண்டம்னு நினைச்சுக்கறேன்."

மகள் காரை ஓரம் கட்டினாள். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டாள். மெஷினுக்கு இருநூற்று எண்பது வாட். இருபத்து நாலு மணி நேரம். ஆறே முக்கால் யூனிட். சின்ன ஃபிரிட்ஜும் விளக்கும் சேர்த்தால் ஏழரை. எட்டுப் பேனல். பதினைந்து யூனிட் கொள்ளும் பேட்டரி. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும்.

"முடியும்" என்றாள். "ஒரு நிபந்தனை."

நிபந்தனை இது. தினம் காலை ஏழு மணிக்கு பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று அம்மா போனில் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் காலை முப்பதுக்குக் கீழே போனால் பேச்சில்லை, மூட்டை கட்டிக்கொண்டு ஒன்பதாவது மாடி. அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

பேட்டரி அளவு காட்டும் திரையை அறைக்குள் மாட்டுவதா என்பதில் சண்டை வரும் என்று மகள் எதிர்பார்த்தாள். வரவில்லை. மீட்டர் வெளியில்தான் இருக்க வேண்டும், நான் நடந்து போய்த்தான் படிப்பேன் என்றாள் அம்மா. ஆக்சிஜன் ஓடும் அறையில் பொறி தெறிக்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது, பேட்டரி அறை தள்ளித்தான் இருக்க வேண்டும் என்றாள் மகள். ஆகவே வாசலிலிருந்து சரிவில் மேல்நோக்கி இருபத்திரண்டு எட்டு வைக்கும் தூரத்தில் ஒரு சின்ன அறை எழும்பியது. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் முழுசாக ஒத்துப்போனது அதுவே முதல்முறை. அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காரில் அடங்காத பேனல்களை மேலே கொண்டுவரத் தேன்காரர் தோள் கொடுத்தார். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு முறை செத்துப் பிழைத்ததாகச் சொன்னார். பியூஸ் அக்கா வாடகை சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தி, மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"அந்த மூணாவது நட்டை இன்னொரு திருகு திருகு."

"டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்கியிருக்கேன்மா. அளவு பாத்து."

"இங்கிருந்தே தெரியுது, வாஷர் சுத்துது."

மகள் போய்ப் பார்த்தாள். வாஷர் சுற்றியது. இறுக்கினாள். தேன்காரர் இருமுவது போல் ஒரு சத்தம் செய்தார்.

மெஷினை ஓடவிட்ட அன்று அது பழைய ஃபிரிட்ஜ் மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"டிபார்ட்மெண்ட் கரண்டைவிட ருசியா இருக்கு."

அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டரைக் கட்டிலடியில் உருட்டிவிட்டு மகள் கிளம்பிப் போனாள்.

அதன்பின் தினமும் ஏழு மணிக்கு போன்.

"எழுபத்தி நாலு."

"சரி."

அவ்வளவுதான். தாயும் மகளும் இத்தனை சுமுகமாகப் பேசிக்கொண்டது அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே இல்லை. ரீடிங்கை அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். பக்கத்தில் வானிலை. 'வெயில்.' 'மூட்டம்.' ஒரு நாள், 'வெயில். தேனு வாயாடல்.'

மெஷினின் குழாய் இரண்டு மீட்டர். கட்டிலுக்கும் மேஜைக்கும் போதும். ரீடிங் எடுக்கப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காற்றில் நடப்பாள். போக இருபத்திரண்டு எட்டு, வர இருபத்திரண்டு. முதலில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு பாதி வழியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாள், உட்கார. பிறகு வாளி பாதி வழியிலிருந்து வாசல் பக்கமாக மெல்ல மெல்ல இறங்கி வந்தது. தேன்காரர் அதைப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறேன் என்றாள். அங்கே செடி எதுவும் இல்லை.

ஒரு நாள் காலை பதினோராவது எட்டில் கண் இருட்டியது. மண்ணில் கையூன்றித் தவழ்ந்துதான் திரும்பினாள். குழாயை மாட்டிக்கொண்டு, நகத்தில் நீலம் போகும் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மணி ஏழு ஆக ஐந்து நிமிடம்.

நோட்டைத் திறந்தாள். முந்தைய மூன்று நாள்: 72, 75, 72. கூட்டி, மூன்றால் வகுத்து, 73 என்று எழுதினாள். பக்கத்தில் 'க.பூ.' என்று போட்டாள்.

"எழுபத்தி மூணு."

"சரி."

பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. அது விதி. என்ன, அங்கெல்லாம் வீட்டுக்காரர் இருக்க மாட்டார், ரீடர் வருவார். இங்கே வீட்டுக்காரி இருந்தாள், ரீடருக்குத்தான் வர முடியவில்லை. விதிப்புத்தகத்தில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. தேன்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் காரணம் கேட்பார். காரணம் தெரிந்தால் மகளுக்குச் சொல்வார். அப்புறம் எதிர் பால்கனிதான். நாளைக்கு நடந்துவிடலாம் என்று நினைத்தாள்.

அன்று மழை பிடித்தது. தகரக் கூரையில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். மறுநாள் வாசலைத் தாண்டக்கூட முடியவில்லை. 75, 72, 73. சராசரி எழுபத்து மூன்று சொச்சம். எழுபத்து மூன்று. அதற்கும் மறுநாள் மழை விடவில்லை. 72, 73, 73. மறுபடியும் எழுபத்து மூன்று. பேட்டரி அறையில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சார்ஜ் குறைந்தால் அங்கே ஒரு மணி அலறும். மகள் அதைத் தேடித் தேடி வாங்கி மாட்டியிருந்தாள். தகரத்தில் கொட்டும் மழையில் அது அலறினால் தேனீக்குக்கூடக் கேட்காது.

"எழுபத்தி மூணு" என்றாள் மூன்றாவது நாள் காலை.

'சரி' வரவில்லை.

"நேத்து?"

"எழுபத்தி மூணு."

"முந்தாநாள்?"

"நீதான் எழுதி வெச்சிருப்பியே."

"எழுதியிருக்கேன். அங்க ரெண்டு நாளா மழை. மெஷின் ஓடுது. வெயில் இல்ல. பேட்டரி அசையவே இல்ல."

"நல்ல பேட்டரி வாங்கிக் குடுத்திருக்க."

"அம்மா, என் காதுல பூ சுத்தாத. கதவு பூட்டா?"

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பியூஸ் அக்கா வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். மீட்டரில் காந்தம் ஒட்டியவர்கள், கொக்கி போட்டவர்கள், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தவர்கள். பிடிபட்டவர்கள் ஏன் அப்படித் தரையைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணு நாளா" என்றாள்.

"நடக்க முடியலையா?"

"பாதி வரைக்கும் முடியுது."

மகள் போனை வைத்துவிட்டாள். அடுத்த அரை மணியில் தேன்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சரிவேறி ஓடி வந்தார். நேராகப் பேட்டரி அறைக்குப் போனார். திரும்பி வந்து வாசலில் நின்று சொட்டினார்.

"பதினாலுன்னு காட்டுது மேடம். மணி ஒண்ணு கத்திக்கிட்டு இருக்கு. பாப்பா ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்லுச்சு, லைட்டையும் அணைக்கச் சொல்லுச்சு. உங்களை ரெண்டு வார்த்தை திட்டவும் சொல்லுச்சு, அதுக்கு எனக்கு வாய் வரல."

"எப்பத்துல இருந்து கத்துது?"

"யாருக்குத் தெரியும் மேடம், இந்த மழைச் சத்தத்துல?"

ஒன்பதரை மணிக்கு, பத்துக்கு இறங்கியதும், பேட்டரி தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. மெஷின் நீளமாகக் கூவி அடங்கியது. தேன்காரர் கட்டிலடியிலிருந்து சிலிண்டரை இழுத்தார். திறக்கத் தெரியாமல் அவர் திணற, அவள் கையாலேயே சைகை காட்டினாள், இடப்பக்கம், இடப்பக்கம் என்று. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு பியூஸைப் பிடுங்கியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொல்லித் தொலை" என்றாள், மூச்சு திரும்பியதும்.

"ஒண்ணுமில்ல மேடம். எங்க வீட்டுல பிடுங்கினப்ப நான் மெழுகுவத்தி ஏத்தினேன். அதான் நினைச்சேன்."

பத்தரைக்கு மகளின் கார் சேற்றில் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. வழியில் இரண்டு சிலிண்டர் எடுத்திருந்தாள். வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்நகத்தைப் பார்த்தாள். பிறகு காரை அதன் புகை வீட்டுக்குள் வராத பக்கமாக நிறுத்தி, அதன் பேட்டரியில் ஒரு சின்ன இன்வெர்ட்டரை மாட்டி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து மெஷினில் சொருகினாள். இன்ஜின் ஓடியது. மெஷின் ஓடியது.

"கடைசியில பெட்ரோல்ல மூச்சு விட வெச்சுட்ட" என்றாள் பியூஸ் அக்கா.

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நனைந்த காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"செத்திருப்பம்மா."

"தெரியும்."

"போன்ல ஒரு வார்த்தை. நடக்க முடியலன்னு."

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

மகள் சொன்னாள்: "இருபத்தி ரெண்டு எட்டு தள்ளி வெச்சது நான்தான். பேட்டரிக்கு ரெண்டு நாள் மார்ஜின் போட்டேன். ஒயருக்கு மார்ஜின் போட்டேன். உன் நடைக்கு ஒண்ணும் போடல."

"நான்தான் வெளிய இருக்கணும்னு கத்தினேன்."

"ப்ளூடூத் போடலாம். இல்ல ஒரு டிஸ்ப்ளேவை மட்டும் உள்ள இழுக்கலாம். கேபிள் இருபது மீட்டர் வேணும்."

"உள்ள வர்ற மீட்டரை நான் படிக்க மாட்டேன்."

"அப்ப ஒரு சேர் லிஃப்ட் மாதிரி, தண்டவாளம் போட்டு…"

தேன்காரர் அடுப்போரமாக உட்கார்ந்து, சூடான டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "இந்த மூக்குக் குழாய் எவ்வளவு நீளம் பாப்பா?"

"ரெண்டு மீட்டர்."

"இதைவிடப் பெருசு கிடைக்காதா?"

அம்மாவும் மகளும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கிடைக்கும்" என்றாள் மகள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. "பதினஞ்சு மீட்டர் வரைக்கும் போடலாம்."

"அப்ப ஏன் போடல?"

இரண்டு தலைமுறை மின்சாரக் குடும்பம். ஒயர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளும் என்று இரண்டு பேருக்கும் ரத்தத்திலேயே தெரியும். குழாயும் நீளும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மகள் எழுந்து போய், மெஷினோடு வந்த அட்டைப்பெட்டியைத் தேடினாள். அதன் மேல்தான் ரேடியோ உட்கார்ந்திருந்தது. ரேடியோவைத் தூக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், உறை பிரிக்காமல், பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது பதினைந்து மீட்டர் குழாய்.

"கூட வந்த புக்கைப் படிக்கலையா நீ?" என்றாள் அம்மா.

"பவர் சப்ளை பக்கம் மட்டும் படிச்சேன்."

தேன்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க வெளியே போனார். மழையிலேயே நின்று சிரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்டது போல இருந்தது. சிலிண்டர்களில் இரவு கழிந்திருந்தது. மகள் காரைக் கிளப்பி மெஷினை ஓடவிட்டு, நீளக் குழாயை மாட்டினாள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் பியூஸ் அக்கா நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். குழாய் பின்னாலேயே இழுபட்டு வந்தது. மகள் ஒரு பக்கம், நாற்காலியோடு தேன்காரர் ஒரு பக்கம். யாரும் கையைப் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு. வாளியைக் கடந்தாள். பதினோராவது எட்டைக் கடந்தாள். பதினாறில் நின்று, இருக்கிற மூச்சில் தேன்காரரைத் திட்டினாள், குழாயை மிதிக்கிறார் என்று. அவர் மிதிக்கவில்லை. இருபத்திரண்டுக்கு ஆறு நிமிடம் ஆனது.

"கதவுக்கு வெளியவே நில்லு" என்றாள் மகள். "உள்ள மூக்கை நீட்டாத."

அவள் வெளியே நின்றபடி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"ஒன்பது" என்றாள். நோட்டில் எழுதினாள். மூடினாள். "நேத்து பதினாலு. இன்னைக்கு ஒன்பது. ரெண்டு நாள் ஆச்சு. கையெழுத்து போட்டது போட்டதுதான். துணி நாலு இருக்கு, ரேடியோ ஒண்ணு. மெஷினை முதல்ல ஏத்து."

மகள் திரையைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். சரிவுக்குக் கீழே விரிந்து கிடந்த வெயிலைப் பார்த்தாள்.

"நேத்து பதினாலுன்னு படிச்சது யாரு?"

"தேனு."

"அவர் டிபார்ட்மெண்ட்டா?"

"அவனா? மூணு தடவை பியூஸ் பிடுங்கப்பட்ட ஆளு."

"அப்ப அந்த ரீடிங் செல்லாது."

பியூஸ் அக்கா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். விதியை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"செல்லாதுதான்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒன்பது பத்தாக எவ்வளவு நேரம் ஆகும்?"

மகள் பேனல் பக்கம் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டாள். "இந்த வெயிலுக்குப் பதினஞ்சு நிமிஷம்."

"இருந்து பாத்துட்டு வரேன்."

பதின்மூன்று நிமிடத்தில் பத்து ஆனது. மகளின் கணக்கில் தப்பு கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

அதன்பின் அவள் அங்கே இருந்தது அறுபத்து மூன்று நாள். மகள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கை போட்டுக்கொண்டாள். காலை நடை ஆறு நிமிடம், ஒன்பது, பதினான்கு என்று நீண்டது. நடக்க முடியாமல் போனதும் மகளும் தேன்காரரும் நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். குழாய் வால் மாதிரி பின்னால் வந்தது. தூக்குகிறவர்களுக்கு நடக்கத் தெரியவில்லை என்று தினமும் புகார் இருந்தது. முப்பதுக்குக் கீழே பேட்டரி அதற்குப் பிறகு போகவில்லை.

கடைசியாக அவள் எடுத்த ரீடிங் எண்பத்தொன்று. எழுத்து கோணலாக இருந்தது, எண் சரியாக இருந்தது. பதினோரு மணிவாக்கில், மகள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. மெஷின் நிற்கவில்லை.

தேன்காரர் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் கழித்து, மெஷினின் பொத்தானைக் காட்டிக் கேட்டார்.

"அணைச்சிடட்டுமா பாப்பா?"

"ஓடட்டும்" என்றாள் மகள். "கரண்ட் இருக்கு."